வேலைக்கு ஒரு வரப்பு

தம்பி, உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். சேரன்மகாதேவிப் பக்கம் சொந்த ஊர், சென்னையில் கணினி வேலை. காலையில் பத்து மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி பத்து ஆகிவிடுகிறது. சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் வேலை செய்த திருப்தி இல்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் ஓய்வெடுத்த மாதிரி இல்லை. உங்கள் தாத்தா நாள் பூராவும் வயலில் கிடந்துவிட்டு வந்து திண்ணையில் துண்டை விரித்துப் படுத்தால் அடுத்த நிமிடம் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாராம். "அவருக்குக் கிடைத்த நிம்மதி எனக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வேளாண்மைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரங்களில்தான் அதிக காலம். நடுவில் சில வருடம் உடன்குடி, திசையன்விளைப் பக்கம் தேரிக்காடு என்ற செம்மணல் காட்டில். கன்னடியன் காலில் (கால்வாயை இங்கே கால் என்போம்) எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சையும் இருக்கிறது. உழைக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையிலும், கொஞ்சம் உழைத்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன். பதில் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல். நம் பக்கத்தில் வேலை செய்து உடம்பு ஓய்ந்து போவதை 'அலுப்பு' என்போம். நாட்டு மருந்துக் கடையில் 'அலுப்பு மருந்து' என்று கேட்டால் மேல்வலிக்குத்தான் தருவார்கள். மனசு வெறுத்துப் போவதற்கு வேறு சொல் இருக்கிறது: சலிப்பு. உங்கள் தாத்தாவுக்கு இருந்தது அலுப்பு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் சலிப்பு. அலுப்புக்குப் படுக்கை போதும். சலிப்போடு படுத்தால் அதுவும் கூடவே வந்து படுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் படுத்துக் கிடந்தும் தீராததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, தாத்தாவுக்குச் சலிப்பு ஏன் அவ்வளவு இல்லை? இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினேழு வயது. பிசானம் என்கிற, ஐப்பசியை ஒட்டி நடுகிற நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். படிக்கிற பையன் என்று என்னை வயலில் இறக்காமலே வைத்திருந்தார் அப்பா. அன்றைக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. மம்பட்டியைக் கையில் கொடுத்து, "தெக்கு வரப்ப அண்டை வெட்டிப் பூசிரு" என்று சொல்லிவிட்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார். அண்டை வெட்டுவது என்றால், வரப்பின் பக்கவாட்டில் முளைத்திருக்கும் புல்லையும் இளகிப்போன மண்ணையும் சீவி எடுக்க வேண்டும். நண்டு வளைகளைத் தோண்டி, உள்ளே மண்ணைத் திணித்து அடைக்க வேண்டும். அப்புறம் மிதித்துப் பிசைந்த தொளிச் சேற்றை அள்ளி வரப்பின் மேல் சாத்தி, மம்பட்டியின் முதுகால் இழுத்து வழவழவென்று ஆக்க வேண்டும். எழுபது தப்படி நீளம் இருக்கும் அந்த வரப்பு. பத்துத் தப்படி போவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. உச்சி வெயிலுக்குள் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். அம்மா தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்தாள், கூடவே சின்ன உள்ளியும் வறுத்த மோர் மிளகாயும். வாய்க்கால் கரை மருத மரத்தடியில் குடித்துவிட்டுக் கொஞ்சம் கட்டையைச் சாய்த்தேன். எழுந்தபோது கை விறைத்துப் போயிருந்தது, ஆனாலும் மண்ணின் பிடி புரிந்துவிட்டது. காலையில் மண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிற்பகலில் மம்பட்டி தானாகவே போவது போல் இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது முடித்தேன். அப்பா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். இரண்டு இடத்தில் கால் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் நின்று, "இங்கன ஒரு வளை இருக்கு பாரு" என்றார். அதையும் தோண்டி அடைத்தேன். "சரி, போய்க் குளி" என்றார். அவ்வளவுதான். காலில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது, வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே கண் அசந்தது, இரண்டும் நினைவில் இருக்கின்றன. எப்போது படுத்தேன் என்பது நினைவில் இல்லை. விடிந்ததும் எழுந்து ஓடினேன். வயலில் தண்ணீர் வரப்பின் கழுத்து வரைக்கும் கட்டி நின்றது. தெற்கு வயலுக்கு ஒரு சொட்டுக் கசியவில்லை. இறுகத் தொடங்கியிருந்த மண்ணின் மேல் ஒரு கொக்கு நடந்து போன கால் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. அதற்குப் பின் நான் வாங்கிய எந்தப் பட்டமும் பதவி உயர்வும் அந்தக் காலை நேரத்து மகிழ்ச்சியைத் தரவில்லை என்று மனதாரச் சொல்வேன்.

அந்த வேலையில் என்ன இருந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அதற்கு இரண்டு முனை இருந்தது. இங்கே தொடங்கு, அங்கே முடி என்று கண்ணால் பார்க்கலாம். சரியாகச் செய்தேனா என்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, தண்ணீரே சொல்லிவிடும். வேலை தெரிந்த ஒருவர் காலால் தொட்டுப் பார்த்தார். பாராட்டவில்லை, ஆனால் முழு வரப்பையும் நடந்து பார்த்தார். இதெல்லாம் சேர்ந்ததால், கொப்புளத்தோடு படுத்தாலும் மனசில் மிச்சம் எதுவும் ஓடவில்லை.

2012-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்களிடம் சாதாரணப் பெட்டிகளையும் காகிதப் பொம்மைகளையும் கொடுத்துத் தாங்களே செய்து முடிக்க வைத்து, அதற்கு என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். தன் கையால் செய்தவர்கள் அதிக விலை சொன்னார்கள். இது எதிர்பார்த்ததுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த பகுதி. பாதியில் நிறுத்தப்பட்டவர்களுக்கும், செய்ததைத் தாங்களே பிரித்துப் போட வேண்டியிருந்தவர்களுக்கும் அந்தக் கூடுதல் மதிப்பு காணாமல் போய்விட்டது. உழைப்பு மட்டும் போதாது, அது முடிந்து நிற்க வேண்டும். உங்கள் வேலையை நீங்கள் விவரித்திருக்கும் விதம் இங்கேதான் எனக்கு உறைத்தது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று, முடித்தது அடுத்த வாரம் மாற்றப்படுகிறது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்றே தெரிவதில்லை. நீங்கள் தினமும் பாதி வரப்பில் மம்பட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள்.

நெல் விவசாயத்துக்கு இந்த முடிவு தேதி இயற்கையிலேயே அமைந்துவிடுகிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்பை 16 ரகம் விதைத்தால் 110 நாள் கணக்கில் கருது அறுப்புக்கு வந்துவிடும். ஆனியில் தொடங்குகிற கார் பருவம் முடிந்தால் பிசானம். பிசானம் முடிந்தால் காலில் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். ஆனி மாதம் மறுபடி தண்ணீர் வரும்வரை வயலில் அவசரம் கிடையாது. ஊர்க் கோவில் கொடை விழாக்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியிலும் அதை ஒட்டியும் வருவது தற்செயல் இல்லை. நெல் வீட்டுக்கு வந்துவிட்டது, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, உடம்பும் ஓய்வு கேட்கிறது. சாமத்தில் வில்லுப்பாட்டு கேட்டுக்கொண்டு கோவில் மணலில் படுத்துக் கிடப்பதற்கு உரிய காலம் அது. இப்போது அறுவடை இயந்திரம் ஓர் ஏக்கரை ஒரு மணி நேரத்தில் அறுத்துக் கொட்டிவிட்டுப் போகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. குனிந்து குனிந்து அறுத்தவர்களின் இடுப்பு எப்படிப் போனது என்று பார்த்தவன் நான்.

தூக்கத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதை உடம்பின் பக்கமிருந்து சொல்கிறேன். நாம் விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. உடம்பின் செல்கள் ஆற்றலைச் செலவழிப்பதால் மிஞ்சுகிற பொருள் அது. அது கூடக் கூடக் கண்ணை இழுக்கும். தூங்கும்போது குறைந்துவிடும். காப்பி இந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் தூக்கம் தள்ளிப் போகிறது. குடித்த காப்பியில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் ராத்திரி எட்டு மணிக்குக் குடிக்கிற காப்பி நடுச்சாமத்திலும் வேலை செய்துகொண்டிருக்கும்.

உடல் உழைப்பு ஆழ்ந்த தூக்கத்துக்கு உதவுகிறது. அந்த ஆழ்ந்த தூக்கம் ராத்திரியின் முற்பாதியில்தான் அதிகம் வருகிறது. உடம்பு தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும் நேரம் அது. வளர்ச்சி ஹார்மோன் அப்போதுதான் அதிகமாகச் சுரக்கும், பகலில் நுண்மையாக அறுந்த தசை நார்கள் சரியாகும். இன்னொன்று: தூக்கம் வர வேண்டும் என்றால் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். சாயங்காலம் குளித்தால் கை கால் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும். தாத்தா பொழுது சாயக் குளித்தார், விளக்கு வைத்ததும் சாப்பிட்டார், காற்று வரும் திண்ணையில் படுத்தார், பிறகு கண்ணில் வெளிச்சமே படவில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாள் அப்படி அமைந்திருந்தது. உங்களுக்கோ உடம்பு அலுக்கவே இல்லை, மூளை மட்டும் நசுங்கிப் போய் வருகிறது, அதன் மேல் படுக்கையில் போன் வெளிச்சம்.

இந்த இடத்தில் உங்களை ஒன்று கேட்க வேண்டும். தாத்தா தூங்கியதைச் சொன்னீர்கள். ஆச்சி எப்போது தூங்கினார்? உங்கள் அம்மாவிடம் விசாரித்துப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில், நடுகைக்குப் போன பெண்கள் பொழுது விடியுமுன் அடுக்களையை முடித்துவிட்டுத்தான் வயலுக்கு வந்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள். ஆண்கள் திண்ணையில் சாய்ந்த நேரத்தில் உள்ளே ஏனம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தாத்தாவின் அந்த நிம்மதியான தூக்கத்தில் பாதி, ஆச்சியின் கைவேலையால் வந்தது.

என் அம்மா பீடி சுற்றினாள். நம் ஜில்லாவில் வயல் வேலை இல்லாத நாளில் பல்லாயிரம் வீடுகளில் பெண்களுக்கு இருந்த ஒரே காசு வழி அதுதான். மடியில் சுளகு. சுளகில் ஊறவைத்த இலை, தூள், நூல். தகட்டை வைத்துக் கத்தரியால் இலையை அளவாக வெட்டி, தூளை வரிசையாகத் தூவி, இரண்டு கையாலும் உருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். ஒரு பீடிக்கு ஆகிற நேரம் சில விநாடிதான். ஆனால் ஆயிரம் சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. அம்மாவின் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து நான் சின்ன வயதில் பெருமைப்பட்டிருக்கிறேன். அவளுக்கு அந்தக் கை நேர்த்தியில் ஒரு மகிழ்ச்சி இருந்தது என்றும் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டே சுற்றுவாள், சிரிப்பாள். ஆனால் கணக்குக் கொடுக்கப் போகிற இடத்தில் இலை சரியில்லை, தூள் கூடிவிட்டது என்று ஒரு பிடியை ஒதுக்கித் தள்ளுவார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்க மாட்டாள். ராத்திரியெல்லாம் இருமுவாள். பிற்காலத்தில் முதுகு நிமிரவே இல்லை. கடினமாக உழைத்தால் நிறைவு வரும் என்று யாராவது பொதுவாகச் சொன்னால் எனக்கு அம்மாவின் முதுகுதான் ஞாபகத்துக்கு வரும். உழைப்பு நிறைவு தரும், உண்மை. அது உரிய கூலியோடும் உரிய ஓய்வோடும் இருந்தால்தான் தரும்.

பனை ஏறுகிறவர்களைத் தேரிக்காட்டில் பார்த்தேன். பதநீர்க் காலத்தில் அவர்களுக்கு ஒரு நாள் கூட விடுப்பு கிடையாது. பாளையைத் தினமும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு நின்றுவிடும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஆளுக்கு முப்பது நாற்பது மரம். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளை நார். வீட்டுப் பெண்கள் விடிலி என்ற ஓலைக் குடிசையில் பதநீரைக் காய்ச்சி, கூப்பனி என்ற பாகாக்கி, கருப்பட்டிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். அந்த அடுப்பு அனலில் நிற்பது மரம் ஏறுவதற்குக் குறைந்த வேலை இல்லை. மாசி பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் இதுதான். காலம் முடிந்து கலயத்தை இறக்கிவிட்டால் மரத்துக்கும் மனிதனுக்கும் சேர்ந்தே ஓய்வு. நாள் ஓய்வு இல்லாத தொழிலுக்குப் பருவ ஓய்வாவது இருந்தது. எந்த ஓய்வும் இல்லாத தொழில் என்று ஒன்று, ஆலைகள் வருவதற்கு முன் நம் பக்கத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆலை வந்தபோது அந்த வழக்கம் உடைந்தது. ஆலை இயந்திரத்துக்கு கார், பிசானம் கிடையாது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி ஜில்லாதான், தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-ல். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டும் இல்லை. வேலை நேரத்தைக் குறை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடு என்றும் கேட்டார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாளிலேயே, மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைது செய்யப்பட்டார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் கப்பல் ஓட்டியதோடும் சிறையில் செக்கு இழுத்ததோடும் சேர்த்துச் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுவார்கள். எனக்கு அது பெரிய விஷயம். ஓய்வு என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. நம் ஊர்க்காரர்கள் கூலியை இழந்து, பட்டினி கிடந்து வாங்கியது. உலகத் தொழிலாளர் அமைப்பு எட்டு மணி நேர வேலைக்கு முதல் உடன்படிக்கை போட்டது 1919-ல். நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வார விடுமுறையையும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே அரை மணி நேரமாவது இளைப்பாற விட வேண்டும் என்பதையும் எழுதி வைத்தது 1948-ல். தூத்துக்குடிக்காரர்கள் இரண்டுக்கும் முந்தியவர்கள்.

இன்னும் முடியவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் சென்னைத் துணிக்கடைகளில் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பத்து மணி நேரத்துக்கு மேலும் நின்றபடியே வேலை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது எழுதாத விதியாக இருந்தது. 2021-ல்தான் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, வேலை செய்கிறவர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்றார்கள். உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அங்கே நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? ராத்திரி பத்து மணி வரை உங்களைப் பிடித்து வைத்திருக்கிற வேலையை, "என் மனசுதான் சரியில்லை" என்று உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அதில் ஒரு பங்கு உங்களுடையது, மாற்றிக்கொள்ளலாம். மறு பங்கு உங்களை வேலை வாங்குகிற முறையில் இருக்கிறது. அதை நீங்களும் கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்துதான் பேச வேண்டும்.

உங்கள் பங்கைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே மொழி நிலத்தின் மொழி. கன்னடியன் கால் வெட்டிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பசுவின் பின்னால் போ, அது போகிற வழியில் கால்வாயை வெட்டு, அது படுக்கிற இடத்தில் குளத்தை வெட்டு என்று அகத்தியர் சொன்னதாக ஊரில் சொல்வார்கள். கதை இருக்கட்டும். கால்வாயும் குளமும் மாறி மாறி வருகிற அந்த அமைப்பு உண்மை. ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணீரால் கடைமடை வயல் விளையாது. நடு நடுவே தங்கி நிற்க வேண்டும். பசு நடந்த இடம் மட்டும் போதும் என்று யாரும் முடிவு செய்யவில்லை, படுத்த இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பிசான அறுப்பு முடிந்த வயலைச் சும்மா போடலாம். ஆனால் அறுப்புக்குச் சில நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே உளுந்தோ பாசிப்பயறோ விதைத்துவிட்டால், அது அந்த மிச்ச ஈரத்திலேயே வளர்ந்து காய்க்கும். அதன் வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் இருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டு வரும். நெல் மண்ணிலிருந்து எடுத்ததில் கொஞ்சத்தை உளுந்து திருப்பிக் கொடுக்கிறது. நான் முப்பது வருடமாக விவசாயிகளிடம் சொல்லி வந்தது இதைத்தான்: நிலத்துக்கு ஓய்வு என்றால் வேறு பயிர். நெல்லுக்கு மேல் நெல்லே போட்டால்தான் மண் களைத்துப் போகும்.

மனிதருக்கும் இது பொருந்தும். ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் ஆராய்ச்சியாளர் சபீன் சோனன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007-ல் எழுதிய ஆய்வில், வேலைக்குப் பின் ஒருவரைத் தேற்றுகிறவை என்று நான்கைச் சொன்னார்கள். வேலையிலிருந்து மனசு விலகி இருப்பது, தளர்வாக இருப்பது, வேறு ஏதாவது ஒன்றில் கை தேர்வது, அந்த நேரம் தன் கையில் இருப்பது. உங்கள் ஞாயிற்றுக்கிழமையை இதன் மேல் வைத்துப் பாருங்கள். படுத்தே கிடக்கிறீர்கள், ஆனால் போனில் அலுவலகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் முதலாவது இல்லை, நான்காவதும் இல்லை. புதிதாக எதுவும் செய்வதில்லை, மூன்றாவதும் இல்லை. தளர்வு ஒன்றுதான் பெயருக்கு இருக்கிறது. ஆச்சிக்கும் என் அம்மாவுக்கும் எது இல்லாமல் போனது என்பதும் இதில் தெரியும். அவர்கள் நேரம் அவர்கள் கையில் இல்லை.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது என்று எனக்குப் படுவது இதுதான். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு, படுப்பது நெல்லுக்கு மேல் நெல். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உடம்பு வியர்க்கிற ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். வீட்டைக் கழுவுங்கள், மொட்டை மாடியில் நாலு தொட்டியில் கத்தரி, மிளகாய் போடுங்கள், துணியைக் கையால் துவையுங்கள். முடிவது கண்ணுக்குத் தெரிகிற வேலையாக இருக்கட்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் கண்ணயருங்கள், அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். அலுவலக நாளிலும் காலையிலேயே ஒரு வரப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வேலை இருந்தாலும் இன்றைக்கு இந்த ஒன்று முழுதாக முடியும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிளம்பும்போது மிச்சத்தைத் தாளில் எழுதி மேசையிலேயே வைத்துவிடுங்கள். எழுதி வைத்ததை மனசு சுமக்க வேண்டியதில்லை. காப்பியைப் பிற்பகலோடு நிறுத்துங்கள். ராத்திரி குளியுங்கள். இதையெல்லாம் செய்தும் வாரக் கணக்கில் தூக்கமே வரவில்லை, காலையில் எழவே மனசில்லை என்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அது சலிப்பைத் தாண்டிய விஷயமாக இருக்கலாம்.

அப்புறம், சமையலறையில் ஏனம் கழுவுகிற சத்தம் உங்கள் வீட்டிலும் கேட்கும் அல்லவா? அதில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவது கண்ணுக்குத் தெரிகிற வேலைகளில் அதுவும் ஒன்று. வீட்டில் இன்னொருவருக்கு அரை மணி நேரம் ஓய்வும் கிடைக்கும்.

ஐப்பசியில் ஊருக்கு வருவீர்கள் என்றால் ஒரு நாள் எங்கள் வயலுக்கு வாருங்கள். பிசான நடுகைக்கு முன் தெற்கு வரப்பை அண்டை வெட்ட வேண்டியிருக்கும். எனக்கு இப்போது இடுப்பு ஒத்துழைப்பதில்லை, கூட நின்று நண்டு வளையைக் காட்டித் தருவேன். சாயங்காலம் காலில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தார்சாவில் பத்தமடைப் பாய் ஒன்று சுருட்டி வைத்திருக்கிறேன். ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, காய வைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காய வைத்து, நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பெண் நெய்தது. விரித்தால் துணி மாதிரி மடியும், கோடையிலும் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். நீங்கள் அதில் படுத்துக்கொள்ளலாம். காலையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க நானே எழுப்பிவிடுகிறேன்.